விரலில் கறுத்த வெள்ளி

1866இல் லண்டனில் கனமான ஒரு புத்தகம் வெளிவந்தது. தார்வார், மைசூர் பகுதிகளின் கட்டடக் கலையைப் பற்றியது. எழுத்துப் பகுதியை மெடோஸ் டெய்லரும் ஜேம்ஸ் ஃபெர்குஸனும் பார்த்துக்கொண்டார்கள். பக்கங்களில் ஒட்டப்பட்ட படங்களை எடுத்தவர்கள் மூன்று பேர்: கர்னல் பிக்ஸ், டாக்டர் பிகூ, டாக்டர் நீல். பேளூர், ஹளேபீடு கோயில் சிற்பங்களை உலகின் மறுகோடியில் இருந்தவர்கள் உருப்படியாகப் பார்க்க முடிந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிக்ஸ் பீரங்கிப் படைக்காரர். மற்ற இருவரும் ஸ்டெதாஸ்கோப் பிடித்தவர்கள். வில்லியம் ஹென்றி பிகூ பம்பாய் மருத்துவப் பணியிலும், ஆண்ட்ரூ நீல் மதராஸ் மருத்துவப் பணியிலும் இருந்தார்கள்.

மூவரில் இருவர் மருத்துவர்கள் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1840களிலும் 50களிலும் இந்தியாவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களின் பட்டியலைப் புரட்டினால், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்டவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆக்ராவில் ஒருவர், லாகூரில் ஒருவர், கல்கத்தாவில் சிலர், மதராஸில் சிலர். யாரும் கேமராவுக்காக மருத்துவத்தை விட்டவர்கள் அல்லர். காலையில் காய்ச்சல்காரர்களின் நாடி பார்த்துவிட்டு, பிறகு முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர்கள்.

காரணம் மருந்து அலமாரியில் இருந்தது.

அந்தக் காலத்துப் புகைப்படம் என்பது பாதி ரசாயனம். ஃபாக்ஸ் டால்பட் 1841இல் அறிவித்த காலோடைப் முறையில், நல்ல காகிதத்தில் வெள்ளி நைட்ரேட்டும் அயோடைடும் பூசி, கேமராவில் வைத்து எடுத்து, காலிக் அமிலத்தில் முக்கி எடுத்தால்தான் உருவம் எழும்பும். வெள்ளி நைட்ரேட் என்பது ஆறாத புண்ணைச் சுட்டுத் தீய்க்க எந்த சர்ஜனும் பையில் வைத்திருக்கும் சரக்கு. காலிக் அமிலம் மாசிக்காயிலிருந்து வருவது. நம் பாட்டிமார் குழந்தையின் நாக்கில் உரசித் தடவிய அதே மாசிக்காய்தான். அயோடின், ஆல்கஹால், ஈதர், வடிகட்டிய தண்ணீர், சரியாக எடை பார்க்கும் தராசு, அளவு கோடு போட்ட கண்ணாடிக் குடுவை எல்லாம் மருந்தகத்தில் ஏற்கெனவே இருந்தன. ஒரு படைத் தளபதி இதையெல்லாம் சேகரிக்கக் கல்கத்தாவுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. மருத்துவர் கை நீட்டினால் போதும். எந்தப் புட்டி வெளிச்சம் பட்டால் கெடும், எது தீப்பிடிக்கும், எது ஒரு சொட்டில் ஆளைக் கொல்லும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. படத்தை நிலைப்படுத்தப் பலர் பொட்டாசியம் சயனைடைப் பயன்படுத்தினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயம் அல்ல.

ஒரே ஒரு சங்கடம்: வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு வெயில் பட்டால் கறுப்பாகிவிடும், சோப்புக்குப் போகாது. ஆகவே புகைப்படப் பித்துப் பிடித்தவரை அந்நாளில் விரலைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். சர்ஜன்களுக்கு அந்தக் கறை ஏற்கெனவே பழக்கம்.

அடுத்து வந்த முறையில் மருத்துவத்தின் பங்கு இன்னும் நேரடியானது. துப்பாக்கிப் பஞ்சு எனப்படும் நைட்ரேட் ஏற்றிய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பிசுபிசுப்பான காலோடியன் கிடைக்கும். 1840களின் இறுதியில் பாஸ்டனில் மேனார்ட் என்ற மருத்துவ மாணவர் அதைக் காயத்தின் மேல் பூசிக் காட்டினார். ஈதர் பறந்துபோனதும் மெல்லிய தோல் போல ஒரு படலம் காயத்தை மூடிக்கொள்ளும். அந்தப் படலத்தைக் கண்ணாடியில் பூசி அதில் வெள்ளி உப்பை ஏற்றலாம் என்று 1851இல் வெளியிட்டவர் ஃப்ரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற லண்டன் சிற்பி. சிற்பிக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்தவர் யார் என்று பார்த்தால், அவருக்கு வைத்தியம் பார்த்த ஹியூ வெல்ச் டயமண்ட்! நோயாளிக்கு மருந்தோடு காலோடைப் கலையையும் சேர்த்துக் கொடுத்த டாக்டர். டயமண்டின் கதை தனி. சர்ரே மாவட்ட மனநல மருத்துவமனையில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த அவர், தன் நோயாளிகளைப் படம் பிடித்து, அந்தப் படங்கள் சிகிச்சைக்கு எப்படி உதவும் என்று 1856இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். மருத்துவமும் கேமராவும் ஒரே அறையில் சந்தித்த மிகப் பழைய இடங்களில் ஒன்று அது.

இந்தியாவுக்கு வருவோம். புகைப்படம் என்ற விஷயமே உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். அதே ஆண்டு முடிவதற்குள் கல்கத்தாவில் ஒருவர் அதைச் செய்து பார்த்து ஆசியக் கழகத்தில் காட்டிவிட்டார். அவர் வில்லியம் ஓஷாக்னெஸ்ஸி, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர். அதே 1839இல்தான் அவர் கஞ்சாவின் மருத்துவ குணம் பற்றிய கட்டுரையையும் வெளியிட்டார், தந்திக் கம்பி இழுத்துச் சோதனையும் செய்தார். இளம் வயதில் காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, இழந்த உப்பையும் நீரையும் ரத்தக்குழாய் வழியே ஏற்றலாம் என்ற யோசனைக்கு வழி போட்டவரும் அவரே. இப்படி ஒரு மனிதருக்குப் புகைப்படம் என்பது ஒரு வார வேடிக்கை. பின்னாளில் தந்தி இலாகாவுக்குப் போய்விட்டார்.

வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் வருடக்கணக்கில் அதைப் பிடித்துக்கொண்டவர் ஜான் மெக்காஷ். வங்காள ராணுவத்தின் சர்ஜன், ஸ்காட்லாந்துக்காரர். 1833இல் இந்தியப் பெருங்கடலில் ஆம்ஸ்டர்டாம் தீவருகே கப்பல் உடைந்து பலர் மாண்டபோது உயிர் தப்பியவர். 1848-49இல் நடந்த இரண்டாம் சீக்கியப் போரில் அவர் படையோடு பஞ்சாபில் இருந்தார், கையில் ஒரு சின்னக் கேமரா. எல்லாரும் முதல் போர்ப் புகைப்படக்காரர் என்று சொல்லும் ரோஜர் ஃபென்டன் கிரைமியாவுக்குப் போனது 1855இல். மெக்காஷ் அதற்கு ஆறேழு ஆண்டு முன்னவர். போரைப் படம் பிடித்தவர்களில் பெயர் தெரிந்த முதல் ஆள் அவர்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

அவர் படங்களில் சண்டை கிடையாது. அத்தனை நேரம் எடுக்கும் காகிதத்தில் ஓடும் குதிரையைப் பிடிக்க முடியாது. இருப்பதெல்லாம் முகங்கள்: படைத்தலைவர் கஃப் பிரபு, சக அதிகாரிகள், முல்தானைக் காத்துத் தோற்ற திவான் முல்ராஜ், சிறுவன் மகாராஜா துலீப் சிங். துலீப் சிங்கின் அரசைப் பறிக்க வந்த படையின் மருத்துவர், அந்தப் பையனை உட்காரவைத்துப் படமெடுத்திருக்கிறார். அசையாமல் உட்காரும்படி யாரிடமும் சொல்லிப் பழகியவர் என்பதால் அது அவருக்குச் சாத்தியமாகியிருக்கும். 1852-53இன் இரண்டாம் பர்மியப் போரின்போது பெரிய கேமராவுக்கு மாறினார். ரங்கூன் பகோடாக்கள், கைப்பற்றிய பீரங்கிகள், ப்ரோம் நகரம், பர்மியப் பெண்கள் என்று எடுத்துத் தள்ளினார். சுமார் 300 படங்கள் கொண்ட அவருடைய ஆல்பம் இன்று லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1856இல் மெக்காஷ் இந்தியாவுக்கு வரும் அதிகாரிகளுக்கென்று ஓர் அறிவுரைப் புத்தகம் எழுதினார். அதில் ஒவ்வொரு உதவி சர்ஜனும் புகைப்படத்தைப் பயின்றே ஆகவேண்டும் என்று வற்புறுத்துகிறார். இந்த ஊருக்கென்று இலேசாகச் செய்து விற்கும் மடக்குக் கேமராக்களை நம்ப வேண்டாம், தடித்த மரத்தில் பித்தளைப் பூண் போட்டதை வாங்குங்கள் என்கிறார். வெயிலில் வெடித்து, மழையில் ஊதிப்போன பெட்டிகளைப் பார்த்தவரின் குரல் அது.

வெயில் பெட்டியை மட்டும் பாதிக்கவில்லை. ஈதர் கொதிப்பது சுமார் 35 டிகிரி செல்சியஸில். மதராஸில் சித்திரை மாதத்துப் பகல் வெப்பமே அதைத் தாண்டிவிடும். காலோடியனைக் கண்ணாடியில் ஊற்றிப் பரப்புவதற்குள் ஈதர் ஆவியாகிப் படலம் வெடிக்கும். ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆகவேண்டும் என்பதால், கோயில் வாசலிலேயே ஓர் இருட்டுக் கூடாரம் அடிக்க வேண்டும். உள்ளே மூச்சு முட்டும் ஈதர் நாற்றம். ஆகவே இங்கிலாந்தில் எல்லாரும் கண்ணாடிக்கு ஓடியபோதும், இந்தியாவில் பலர் மெழுகேற்றிய காகித நெகட்டிவையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த பின்பும் வீட்டுக்கு வந்து சாவகாசமாகக் கழுவலாம். மருத்துவமனை வேலையை விட்டு நினைத்த நேரத்தில் வெளியே போகமுடியாத ஒருவருக்கு அந்த அவகாசம் பெரிய வரம்.

அந்த அவகாசத்தை யாரும் டாக்டர் ஜான் மர்ரேயைப் போலப் பயன்படுத்தவில்லை. (தார்வார் புத்தகத்தை வெளியிட்ட பதிப்பாளரின் பெயரும் ஜான் மர்ரேதான், இருவருக்கும் சம்பந்தமில்லை.) அபர்டீன் பகுதியில் பிறந்து, 1833இல் வங்காள மருத்துவப் பணியில் சேர்ந்து, ஆக்ராவில் சிவில் சர்ஜனாக நிலைகொண்டவர். காலராவில் நிபுணர், அது பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ஆக்ராவின் மருத்துவப் பள்ளியையும் கவனித்தார். 1849 வாக்கில் கேமராவைத் தொட்டவர், ஏறத்தாழ 40க்கு 50 சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய காகித நெகட்டிவ்களில் தாஜ் மகாலையும், சிக்கந்தராவையும், ஃபதேபூர் சிக்ரியையும் எடுத்தார். அந்த நாளில் படத்தைப் பெரிதாக்க எளிய வழி கிடையாது. பிரிண்ட் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு, கேமராவும் அவ்வளவு. ஒரு பெரிய டிரங்குப் பெட்டி அளவுள்ள கேமராவை யமுனைக் கரை மணலில் நிறுத்த எத்தனை கூலிகள் வேண்டியிருந்திருக்கும்!

மர்ரேயின் நெகட்டிவ்கள் இன்றும் சில அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் இன்னொன்று புரியும். வானத்தை மையால் கருப்பாகத் தீட்டியிருக்கிறார், பிரிண்டில் அது கறையில்லாத வெள்ளையாக வருவதற்கு. காகிதத்தின் நாரும் ரசாயனத் திட்டுகளும் வானத்தில் அசிங்கமாகத் தெரியும் என்பதால் பலரும் செய்த வேலைதான் இது. ஆனால் குவிமாடத்தின் விளிம்பையும், மரங்களின் இலை விளிம்பையும் ஒட்டி அவ்வளவு நுணுக்கமாகத் தூரிகை ஓட்டியிருக்கிறார். மருத்துவமனையில் மாலையில் எஞ்சிய வெளிச்சத்தில் செய்திருப்பாரோ என்னவோ. 1857இல் கலகம் ஆக்ராவைச் சூழ்ந்தபோது மற்ற ஆங்கிலேயரோடு அவரும் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். பின்னர் லண்டனில் ஹோகார்த் என்ற வெளியீட்டாளர் 1858இல் ஆக்ராவையும் அதன் சுற்றுப்புறத்தையும் காட்டும் 30 படங்களை வெளியிட்டார். அடுத்த ஆண்டு இன்னொரு தொகுப்பு வந்தது. புகழ் வந்த பிறகாவது மர்ரே கேமராக்காரராக மாறியிருக்கலாம், மாறவில்லை. இந்தியா திரும்பி, மருத்துவப் பணியில் உயர்ந்து, 1871இல் ஓய்வு பெற்றுத்தான் ஊர் போனார்.

சம்பளம் வருவது ஒரு வேலையிலிருந்து, மனம் கிடப்பது இன்னொன்றில் என்ற ஏற்பாட்டுக்கு ஓர் எளிய லாபம் உண்டு. படத்துக்கு யாரும் காசு கொடுக்காவிட்டாலும் அது நின்றுவிடாது. மதராஸில் இதற்கு எதிர்மாறான கதை ஒன்று நடந்தது. லினியஸ் டிரைப் மருத்துவர் அல்லர், சர்ஜன் ஒருவரின் மகன், மதராஸ் படையின் கேப்டன். மதராஸ் அரசு அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராகவே நியமித்தது. 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டை ஒவ்வொரு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்டுகளை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் கணக்கைப் பார்த்துவிட்டு, இது ஆடம்பரம் என்று சொல்லி அந்த வேலையையே மூடிவிட்டார். டிரைப் அதன் பிறகு பெரிதாகப் படமெடுக்கவே இல்லை. அரசாங்கம் கேமராவுக்குச் சம்பளம் கொடுத்தது, அரசாங்கமே நிறுத்தியது. மர்ரேக்களுக்கும் மெக்காஷ்களுக்கும் அப்படி நிறுத்த ஆளில்லை.

பிகூவின் கதை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிக்ஸைப் படைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டபோது, பம்பாய் அரசு அந்த இடத்துக்குப் பிகூவை அனுப்பியது. கொஞ்ச காலம் மருத்துவப் பணியை ஒதுக்கிவைத்துக் கோயில் கோயிலாக எடுத்தார். 1858இல் இறந்துபோனார். வயது 40. தார்வார் புத்தகம் வெளிவர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

மதராஸில் கேமராவுக்கு வீடு கட்டிக்கொடுத்ததும் ஒரு சர்ஜன்தான். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தன் சொந்தச் செலவில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் அரசு அதை எடுத்துக்கொண்டது. ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இன்றுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வாரிசு. மண்பாண்டம், மரச்செதுக்கு, ஓவியம் இவற்றோடு அங்கே புகைப்படமும் சொல்லிக்கொடுத்தார்கள். 1856இல் உருவான மதராஸ் புகைப்படக் கழகத்திலும் ஹண்டர் முக்கியப் புள்ளி. டிரைப்புக்கு உதவியாக நின்ற சி. ஐயாசாமி இந்தக் கலைப் பள்ளியோடு தொடர்புடையவர். தமிழ்நாட்டில் கேமராவைக் கையாண்டவர்களில் பெயர் பதிவான முதல் தமிழர்களில் ஒருவர் அவர் என்று தயங்காமல் சொல்லலாம்.

பதிவாகாத பெயர்கள்தான் ஏராளம். இந்த விஷயத்தில் கேமராவுக்கு முந்தைய டாக்டர்கள் சற்று மேல். கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜன்களில் பலர் தாவரவியலாளர்கள். மருந்துச் செடி தேடப் போய்ச் செடியிலேயே தங்கிவிட்டவர்கள். மதராஸின் ராபர்ட் வைட் அவர்களில் பெரியவர். 1838 முதல் 1853 வரை 2000க்கும் மேற்பட்ட செடிகளின் சித்திரங்களை வெளியிட்டார். வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள். இருவர் பெயரையும் வைட் படங்களிலேயே அச்சிட்டார். கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் வகைக்குப் பெயரும் சூட்டினார். தண்ணீர் சுமந்து, கூடாரம் அடித்து, கண்ணாடி துடைத்து, கையெல்லாம் கறுத்துப்போன கேமரா உதவியாளர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வெள்ளைக்கார டாக்டர்கள் மட்டும்தானா? பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரி 1845இல் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகளில் ஒருவர் பாவ் தாஜி. ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தவர், குஷ்டத்துக்கு மருந்து தேடியவர், பழைய கல்வெட்டுகளைப் படித்தவர். பைகுல்லாவில் இன்றும் அவர் பெயரில் அருங்காட்சியகம் நிற்கிறது. 1854இல் பம்பாய் புகைப்படக் கழகம் பிறந்தபோது அதில் சேர்ந்த சில இந்தியர்களில் அவரும் உண்டு. ஆனால் வீட்டில் உண்மையான கேமராக்காரர் தம்பி நாராயண் தாஜி. அவரும் அதே கல்லூரியில் 1852இல் பட்டம் பெற்ற மருத்துவர். கழகத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார், அதன் கண்காட்சிகளில் தன் படங்களை வைத்தார். அண்ணன் நகரத்தின் பெரிய மனிதரானதால் தம்பியை வரலாறு கொஞ்சம் மறந்துவிட்டது.

கல்கத்தாவில் விஷயம் இவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. ராஜேந்திரலால் மித்ரா அங்கே மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள் படித்துவிட்டுப் பட்டம் வாங்காமல் வெளியேறியவர். பிறகு பெரிய அறிஞரானார். 1856இல் தொடங்கிய வங்காளப் புகைப்படக் கழகத்தில் பொருளாளர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் டவுன் ஹாலில் நடந்த கூட்டத்தில் வெள்ளைக்கார அவுரித் தோட்ட முதலாளிகளைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். கழகம் அவரை வெளியேற்றியது. வேறு சில இந்திய உறுப்பினர்களும் அவரோடு விலகினார்கள். லென்ஸுக்கு நிறம் தெரியாது, கழகத்துக்குத் தெரிந்திருந்தது.

மருத்துவர்களின் கேமரா மனிதர்களை நோக்கித் திரும்பியபோது கதை மாறுகிறது. கட்டடத்தை அளந்து பார்த்த கண், ஆளையும் அளக்க ஆரம்பித்தது. வங்காள மருத்துவப் பணியின் பெஞ்சமின் சிம்ப்ஸன் வடகிழக்கு மலைகளில் பல இனத்தாரையும் நிற்கவைத்து எடுத்தார். 1862 லண்டன் சர்வதேசக் கண்காட்சியில் அந்தப் படங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த இந்திய மக்கள் பற்றிய அரசாங்க வெளியீட்டில் அவர் படங்கள் நிறைய. சிம்ப்ஸன் நல்ல கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் படத்தில் இருப்பவரின் பெயர் பெரும்பாலும் இல்லை, குலத்தின் பெயர் இருக்கிறது. நோயாளியின் பெயரை விட்டு நோயின் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் இங்கே வெட்டவெளிச்சம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் லண்டனில் மருத்துவம் படித்தவரே. மூக்கின் அகலத்தை அளக்கும் கருவியும் கேமராவுமாகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளில் அவர் வெளியிட்ட சாதிகள், குலங்கள் பற்றிய நூலை இன்றும் புரட்டுகிறார்கள், திட்டிக்கொண்டாவது. அவரே எழுதிவைத்த ஒரு சம்பவம்: வயநாட்டில் பணியப் பெண்கள் அவரைக் கண்டு பயந்தார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பிடித்துக்கொண்டுபோய், வைக்கோல் திணித்து மதராஸ் மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று நம்பினார்களாம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாகத்தான் சொல்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்த புலியையும் மானையும் வைத்திருந்த ஒருவரைப் பற்றி அந்தப் பெண்கள் அப்படி நினைத்தது ஒன்றும் பேதைமை அல்ல.

இலங்கையில் இதைச் சற்று வேறு மாதிரி செய்தவர் ரிச்சர்ட் லயனல் ஸ்பிட்டல். 1881இல் தங்காலையில் பிறந்த பறங்கியர் குடும்பத்து மகன், கொழும்பு பொது மருத்துவமனையின் பேர்பெற்ற சர்ஜன். விடுமுறை கிடைத்தால் காட்டுக்குப் போவார். அங்கே வாழ்ந்த ஆதிக்குடிகளான வேடர்களிடையே பரவியிருந்த பறங்கி (யாஸ்) நோய்க்கு ஊசி போட்டார், கூடவே படமும் எடுத்தார், கதையும் கேட்டுக்கொண்டார். 1924இல் வந்த அவருடைய காட்டு இலங்கை பற்றிய நூலில் வேடர்கள் பெயரோடு வருகிறார்கள். மருந்தோடு வந்தவரை அவர்கள் நம்பினார்கள், அதனால் கேமராவையும் பொறுத்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையிலும் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் ஆண்டுதோறும் அதே மனிதர்களிடம் திரும்பிப் போனார்; தர்ஸ்டன் அளந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

தர்ஸ்டன், ஸ்பிட்டல் காலத்துக்கு முன்பே, மருத்துவர்களுக்குப் புகைப்படத்தில் இருந்த தனி அனுகூலத்தை ஒழித்தவரும் ஒரு மருத்துவர்தான். இங்கிலாந்தின் ரிச்சர்ட் லீச் மாடாக்ஸ் நுண்ணோக்கி வழியாகப் படமெடுப்பதில் தேர்ந்தவர். இருட்டறையில் நாள்தோறும் சுவாசித்த ஈதர் ஆவி அவர் உடம்பைக் கெடுத்தது. காலோடியனுக்குப் பதில் வேறு ஏதாவது கிடைக்காதா என்று தேடி, சமையலறை ஜெலட்டினில் வெள்ளி புரோமைடைக் கலந்து பார்த்தார். 1871 செப்டம்பர் 8ஆம் தேதி ஒரு புகைப்பட இதழில் முறையை அப்படியே எழுதிவிட்டார். காப்புரிமை வாங்கவில்லை. அவர் தகடு மந்தமானது. மற்றவர்கள் அதைச் சூடாக்கிப் பக்குவப்படுத்தி வேகம் கூட்டினார்கள். பத்தாண்டுக்குள் உலர்ந்த தகடுகள் தொழிற்சாலையில் தயாராகிப் பெட்டியில் விற்பனைக்கு வந்துவிட்டன. இனிமேல் வெள்ளி நைட்ரேட் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காசு இருந்தால் போதும். ஆர்ச்சர் ஏழையாகச் செத்தார், மாடாக்ஸுக்கு முதுமையில் மற்றவர்கள் நிதி திரட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. வழி காட்டியவர்கள் இருவருக்கும் லாபம் கிடைக்கவில்லை.

கேமராவுக்காக மருத்துவத்தை நிஜமாகவே விட்டவர் ஒருவரும் உண்டு: பீட்டர் ஹென்றி எமர்ஸன். 1885இல் கேம்பிரிட்ஜில் மருத்துவப் பட்டம், 1886இல் தொழிலுக்கு முழுக்கு. சொந்தப் பணம் இருந்தது, அதனால் முடிந்தது. நார்ஃபோக் சதுப்பு நிலங்களில் நாணல் அறுப்பவர்களையும் படகோட்டிகளையும் எடுத்தார். கண்ணின் மையப் பகுதி மட்டுமே கூர்மையாகப் பார்க்கும், ஓரங்கள் மங்கல்தான், ஆகவே படமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1889இல் ஒரு நூலில் வாதாடினார். விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸின் கண் பற்றிய ஆய்வே அந்த வாதத்துக்கு அடி. மருத்துவத்தை விட்டாலும் உடற்கூற்றியல் அவரை விடவில்லை. இரண்டே ஆண்டுக்குள் தன் கொள்கை தப்பு, புகைப்படம் கலையே அல்ல என்று கறுப்புக் கரை போட்ட துண்டுப் பிரசுரம் வெளியிட்டு அதற்கு இறுதிச் சடங்கும் செய்துவிட்டார்.

20ஆம் நூற்றாண்டில் டாக்டரின் கேமராவுக்கு ரசாயனக் காரணம் போய்விட்டது. மீதமிருந்தது வருமானமும் ஆசையும். இந்திய நகரங்களில் புகைப்படக் கழகங்களும் கண்காட்சிகளும் முளைத்த காலத்தில் வழக்கறிஞர்கள், வங்கி ஊழியர்களோடு மருத்துவர்களும் உறுப்பினர்களாக இருந்தார்கள். நாள் முழுக்க கிளினிக்கில் இருந்துவிட்டு இரவு குளியலறையை இருட்டறையாக மாற்றிக்கொண்டவர்கள். அவர்களில் பெரிய பெயர் பெங்களூரின் டாக்டர் ஜி. தாமஸ். 1953இல் இந்தியப் புகைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு உருவாக அவர் முக்கியக் காரணம். தானும் படமெடுத்து வெளிநாட்டுக் கண்காட்சிகளில் வைத்தார்.

ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம்தான் பெரிது என்று தோன்றுகிறது. பழைய கழகங்களின் அறிக்கைகளையும் இதழ்களையும் தேடிப் படித்து, 1840 முதல் 1980 வரையிலான இந்தியப் புகைப்பட வரலாற்றை ஒரு நூலாக 1981இல் கொண்டுவந்தார். மதராஸ் மாகாணத்தில் டிரைப் செய்த வேலை பற்றியும், ஹண்டரின் காலத்து மதராஸ் புகைப்படக் கழகம் பற்றியும் ஆராய்ச்சி இதழில் கட்டுரைகள் எழுதினார். மெக்காஷ், மர்ரே, பிகூ, நீல் என்று டாக்டர்கள் வரிசையாக நிற்கும் அந்த நூற்றாண்டை, காப்பகத்திலிருந்து மீட்டெடுக்க இன்னொரு டாக்டர் வரவேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் அப்போது இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.